எருமை நாக்கின் காதுக்குள் ஒரு கல்

மந்தைவெளியிலிருந்து லூப் ரோட்டு மீன் அங்காடிக்கு நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்னால் போனால் நல்ல மீன் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் நல்ல பேச்சு கிடைக்கும். நான் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

சில மாதங்களுக்கு முன் அப்படிப் போனபோது, வழக்கமாக வாங்கும் அக்காவிடம் எருமை நாக்கு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெள்ளை, இரண்டு கண்ணும் ஒரே பக்கம். அக்கா தலையை நறுக்கித் தள்ளப் போனார். "அக்கா, தலையையும் போட்டுடுங்க"ன்னு சொன்னேன்.

"இதுல இன்னா இருக்குது தம்பி, கொழம்புக்குக்கூட ஆவாது."

"காதுக்குள்ள கல்லு இருக்கும்க்கா. அதான் வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் சிரித்தார். "கத்தாளைக்குத்தான் தலைல கல்லு. இதுக்குமா?"

இதுக்கும்தான். வீட்டில் சின்னக் கத்தியை வைத்துக் கண்களுக்குப் பின்னால் மண்டையைப் பிளந்து, இடுக்கியால் துழாவினால் இரண்டு கல் வந்தது. ஒன்று பால் வெள்ளை, சுற்றிலும் வழவழப்பாக இருந்தது. இன்னொன்று கற்கண்டை உடைத்த மாதிரி, கண்ணாடித் தன்மையோடு, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. ஒரே மீன், ஒரே தலை. ஆனால் இரண்டு காதிலும் வேறு வேறு கல்.

விலங்கியல் படித்த நண்பரிடம் படத்தை அனுப்பினேன். "இடது வலது கொஞ்சம் வித்தியாசமா இருக்குறது இந்த மீனுக்கு சகஜம். ஆனா கண்ணாடி மாதிரி இருக்குறது வேற கதை. வேட்டரைட்டா இருக்கலாம். ராமன் நிறமாலை எடுத்துப் பாக்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார். லூப் ரோட்டில் எடுத்த கல்லைச் சோதிக்க, அதே கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில் படித்த மனிதரின் பெயர் கொண்ட முறை! அந்த ஆர்வத்தில் தோண்ட ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு. தோண்டத் தோண்ட அது தரங்கம்பாடி, பெர்லின், கீல், கோழிக்கோடு என்று சுற்றிவிட்டு மறுபடி அக்காவின் அரிவாள்மனைக்கே வந்து நின்றது.

முதலில், காதுக்கல் என்றால் என்ன?

மீனுக்கு வெளிக்காது கிடையாது. மூளைக்குக் கீழே இரு பக்கமும் உள்காது மட்டும் உண்டு. ஒவ்வொரு காதிலும் மூன்று பைகள், ஒவ்வொரு பையிலும் ஒரு கல். ஆக ஒரு மீனுக்கு ஆறு கல். பெரும்பாலான கடல் மீன்களில் ஒரு ஜோடிதான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்குப் பெரிசு. கல்லுக்குக் கீழே மெல்லிய மயிரிழை போன்ற உணர்செல்கள் இருக்கின்றன. ஒலியால் தண்ணீர் அதிரும்போது மீனின் உடம்பும் கூடவே அதிரும். உடம்பைவிட அடர்த்தியான கல் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் மீன் 'கேட்கிறது'. மேல் எது கீழ் எது என்று சொல்வதும் இதே கற்கள்தான். கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக் குண்டு மாதிரி.

நமக்கும் உண்டு. பெரிய கல்லாக இல்லாமல் பொடிப் பொடியாக, தூசி அளவில். அந்தப் பொடி இடம் மாறிப் போனால்தான் படுக்கையில் திரும்பும்போது தலை கிறுகிறு என்று சுற்றுகிறது.

மீன் தலையில் கல் இருப்பது பழங்காலத்திலேயே தெரிந்த விஷயம். தலையில் கல் உள்ள மீன்கள் கடுங்குளிரில் அதிகம் அவதிப்படும் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். யுனானி மருத்துவத்தில் 'சங்கே சர்மாஹி' என்று ஒரு சரக்கு உண்டு. மீன் தலைக் கல் என்றுதான் அர்த்தம். சிறுநீரகக் கல்லுக்குக் கொடுப்பார்கள். கல்லைக் கல்லால் எடுக்கும் வைத்தியம்.

இந்தக் கல்லின் முக்கியமான குணம் ஒன்று உண்டு. மீன் பிறந்ததிலிருந்து சாகும்வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் ஒரு மெல்லிய படலம் சேரும். பட்டினி கிடந்தால் மீனின் உடம்பு தன் செதிலிலிருந்துகூடச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் காதுக்கல்லில் பொதுவாகக் கை வைப்பதில்லை. எழுதியதை அழிக்காத கணக்குப்பிள்ளை.

தரங்கம்பாடியிலிருந்து பெர்லினுக்குப் போன சொல்

எருமை நாக்கின் அறிவியல் பெயர் 'செட்டோடஸ் எருமெய்'. கடைசிச் சொல்லைப் பாருங்கள். ஆமாம், நம்ம எருமைதான்!

கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானிய மதபோதகர் 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அன்றைக்கு அது டென்மார்க்காரர்களின் ஊர். 1813-இல் இறக்கும்வரை தமிழ்நாட்டில்தான் இருந்தார். பள்ளிக்கூடங்கள் நடத்தினார். மிச்ச நேரத்தில் கிளிஞ்சல், பாம்பு, மீன் என்று சேகரித்துக்கொண்டே இருந்தார். மீன்களைப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற யூத மருத்துவருக்குக் கப்பலில் அனுப்பினார். மீனோடு கூடவே, கரையில் மீனவர்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் போனது.

பிளாக் 1799-இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற பெரிய மீன் நூலை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-இல் வெளியிட்டார். அதில்தான் தரங்கம்பாடித் தட்டை மீனுக்கு 'எருமெய்' என்ற பெயர் ஏறியது. ஜெர்மன் மொழியில் இ, ஐ என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதினால் 'ஐ' என்று உச்சரிப்பார்கள். அதனால் அவர்கள் வாயில் அது சரியாக 'எருமை' என்றே வந்திருக்கும். பிற்காலத்தில் ஆங்கிலம் வழியாகப் படித்த நாம்தான் 'எருமெய்' ஆக்கிக்கொண்டோம். ஒரு சின்ன வருத்தம்: எருமை போய்ச் சேர்ந்தது, நாக்கு வழியில் எங்கேயோ அறுந்துவிட்டது.

ஜானுக்கும் மரியாதை கிடைத்தது. 1793-இல் பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். அது எந்த மீன் தெரியுமா? அக்கா சொன்ன அதே கத்தாளை! தலைக்குள் பெரிய கல்லோடு திரியும் மீன். அந்தப் பேரினத்தில் ஒரு இனத்தின் பெயர் 'கருட்டா'. என் காதில் அது 'கறுத்த' என்றே விழுகிறது. கத்தாளைக்குச் சொந்தக்காரனான பன்னாவின் பேரினப் பெயர் 'ஓட்டோலித்தெஸ்'. 'காதுக்கல்' என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

பெயர்கள் இப்படிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. கற்கள்? அன்றைய சேகரிப்பு முறை வேறு. சாராயத்தில் ஊறவைப்பார்கள், அல்லது தோலை உரித்து உலர்த்திப் பலகையில் ஒட்டுவார்கள். மீனுக்கு உருவம் முக்கியம், உள்ளே இருப்பது கழிவு. உரித்த தோலில் காதுக்கல் எங்கே இருக்கும்?

கோணல்தான் இதற்கு நேர்

எருமை நாக்கு, நாக்கு மீன், மாந்தல் எல்லாமே முட்டையிலிருந்து வரும்போது சாதாரண மீன்தான். நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். சில வாரங்களில் ஒரு கண் மெதுவாக நகர்ந்து தலையைத் தாண்டி அடுத்த பக்கம் போகிறது. மண்டை எலும்பே முறுக்கிக்கொள்கிறது. அப்புறம் மீன் ஒருக்களித்துப் படுத்து, மணலில் ஒட்டி வாழ ஆரம்பிக்கிறது. நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் இடப்பக்கம். எருமை நாக்கோ பழைய குடும்பம். சிலதுக்கு இடப்பக்கம், சிலதுக்கு வலப்பக்கம். நகர்ந்த கண்ணும் முழுசாக வந்து சேராமல் உச்சந்தலை ஓரத்திலேயே நிற்கும்.

இந்த மீனை வைத்து ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1871-இல் மைவர்ட் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் டார்வினை மடக்கினார். கண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது என்கிறீர்களே, பாதி வழியில் நிற்கும் கண்ணால் மீனுக்கு என்ன லாபம்? டார்வின் 1872-இல் வந்த தன் நூலின் ஆறாம் பதிப்பில் இதற்குப் பதில் எழுதினார். குஞ்சு மீன் கீழ்ப்பக்கக் கண்ணை மேலே பார்க்க வைக்கச் சிரமப்பட்டு முறுக்குவதைச் சுவீடன்காரர் ஒருவர் கவனித்திருந்தார், அதையே துணைக்கு அழைத்தார். பாதி வழிக் கண்ணுக்கு நேரடிச் சாட்சி 2008-இல்தான் வந்தது. மாட் ஃபிரீட்மன் என்ற ஆய்வாளர், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாகக் கிடந்த சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவ மீன்களை மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தார். ஒரு கண் பாதி தூரம் நகர்ந்து நின்றிருந்தது! அந்தக் கற்படிவங்களை யாரோ எறியாமல் வைத்திருந்ததால்தான் 130 வருஷச் சண்டைக்குப் பதில் கிடைத்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கண் நகர்கிறது. காது? காது நகர்வதில்லை. மண்டைக்குள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மீன் ஒருக்களித்துப் படுத்ததும் உள்காது முழுக்க 90 பாகை சாய்ந்துவிடுகிறது. இடது காது மேலே, வலது காது கீழே (அல்லது மாற்றி). 1980களில் கிராஃப், பேக்கர் என்ற இரண்டு நரம்பியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். காது மாறாததால், காதையும் கண்ணையும் இணைக்கும் நரம்பு இணைப்புகள் புதிதாகப் பின்னப்படுகின்றன என்று கண்டார்கள். வீட்டைச் சாய்த்துவிட்டு, ஒயரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு குடியிருப்பது போல.

இதனால் கல்லிலும் விளைவு உண்டு. நிமிர்ந்து நீந்தும் மீனில் இடக் கல்லும் வலக் கல்லும் கிட்டத்தட்ட ஒரே எடை. தட்டை மீன்களில் அந்தச் சமம் உடைகிறது. பல இனங்களில் தரையைப் பார்த்த பக்கத்துக் கல் எடை கூடுதல். வளையங்களின் மையமும் ஒரு கல்லில் நடுவிலும் இன்னொன்றில் ஓரமாகவும் இருக்கும். வஞ்சிர மீனின் தலையில் இப்படி ஒரு ஜோடியைப் பார்த்தால் 'ஏதோ கோளாறு' என்போம். இங்கே அதுதான் ஆரோக்கியம்.

அதனால் தட்டை மீனின் காதுக்கல்லில் 'பிறழ்வு' என்று சொல்ல நாக்கு கூசுகிறது. எதிலிருந்து பிறழ்ந்தது? அந்த இனத்தின் சாதாரணக் கோணல் எவ்வளவு என்று நூற்றுக்கணக்கான கற்களைப் பார்த்து வைத்திருந்தால்தான் அசாதாரணக் கோணலை அடையாளம் காண முடியும்.

கல்லில் வருஷத்தை எண்ணியவர்கள்

காதுக்கல்லில் வயதை எண்ணும் கதையும் ஒரு தட்டை மீனில்தான் ஆரம்பிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட கடலில் நீராவி இழுவைப் படகுகள் வந்துவிட்டன. அங்கே ஏழைக்கும் பணக்காரருக்கும் பிடித்த மீன் 'பிளேஸ்' என்னும் தட்டை மீன். மீனவர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள்: மீன் குறையுது, வர்ற மீனும் சின்னதா இருக்கு. அரசாங்கங்களுக்குக் குழப்பம். சின்ன மீன் என்றால் குட்டி மீனா, இல்லை வளராமல் போன கிழட்டு மீனா?

1899-இல் ஜெர்மனியில் ரைபிஷ் என்பவர் பிளேஸ் மீனின் காதுக்கல்லை எடுத்து, மரத்தின் குறுக்குவெட்டில் எண்ணுவது போல வளையங்களை எண்ணினார். கோடையில் ஒரு பட்டை, குளிரில் ஒரு பட்டை. மீனின் வயது கிடைத்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து, 1902-இல், கடல் மீன்வளத்தைச் சேர்ந்து ஆராய ஐரோப்பிய நாடுகள் கோபன்ஹேகனில் ஒரு பன்னாட்டு மன்றமே ஆரம்பித்தன. 1971-இல் பனெல்லா என்பவர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, வருஷ வளையத்துக்குள் நாள் வளையமும் இருப்பதைக் காட்டினார்.

சரி, நம் கடலுக்கு இது பொருந்துமா? இங்கே பனி கிடையாது, குளிர்காலமும் பெயருக்குத்தான். வெப்பமண்டல மீனில் வளையம் விழாது, விழுந்தாலும் நம்ப முடியாது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது.

இதற்கு ஒரு பதில் வந்ததும் ஒரு தட்டை மீனிடமிருந்துதான். கோழிக்கோடு அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே மழைக்காலம் முடிந்ததும் கரையோரம் மாந்தல் கூட்டம் கூட்டமாக வரும். அந்த மீனை ஆராய்ந்த சேஷப்பா, பீமாச்சார் என்ற இருவர் 1951-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பார்த்தது கல்லை இல்லை, செதிலை. அதில் வளையம் இருந்தது. குளிர் போட்ட வளையம் கிடையாது, தென்மேற்குப் பருவமழை போட்டது! மழைக்காலத்தில் மீனுக்கு இரை குறைந்து வளர்ச்சி தடைப்படுகிறது, அது ஒரு கோடாக விழுகிறது. பனி பெய்யாத நாட்டில் மழை கணக்கு எழுதுகிறது. எனக்கு இதைப் படித்தபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஐரோப்பியக் கடிகாரம் இங்கே ஓடவில்லை என்றால் இங்கே கடிகாரமே இல்லை என்று ஆகிவிடாது, இல்லையா?

ஆனாலும் வளையம் படிப்பது இங்கே மெதுவான வேலை, ஒவ்வொரு இனத்துக்கும் தனியாக நிரூபிக்க வேண்டிய வேலை. அதனால் வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பாலும் மீன்களின் நீளத்தை ஆயிரக்கணக்கில் அளந்து, அதிலிருந்து வயதைக் கணக்கிடும் வழியைத்தான் கையாள்கிறார்கள். தப்பில்லை, செலவும் குறைவு. ஆனால் அந்தக் கணக்கை உரசிப் பார்க்க ஒரு கல் தேவை.

கல்லைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பக்கம் ஆழ்கடலில் 'ஆரஞ்சு ரஃபி' என்று ஒரு மீன். சாதாரண மீன் போல் வேகமாக வளர்ந்து பெருகும் என்று நினைத்து அள்ளினார்கள். பிறகு காதுக்கல்லை மெலிதாக அறுத்துப் பார்த்தால் 100 வயதைத் தாண்டிய மீன்கள்! பல இடங்களில் கூட்டம் கூட்டமாகக் காலியான பிறகுதான் வயது தெரிந்தது.

கண்ணாடிக் கல்

இப்போது என் கற்கண்டுத் துண்டுக்கு வருகிறேன்.

காதுக்கல் என்பது கால்சியம் கார்பனேட். கிளிஞ்சல், சுண்ணாம்பு எல்லாம் அதே சரக்குதான். ஆனால் ஒரே சரக்கு மூன்று விதமாக அடுக்கப்படலாம்: கால்சைட், ஆரகோனைட், வேட்டரைட். ஒரே செங்கல்லை மூன்று விதமாக அடுக்குவது மாதிரி. மீனின் பெரிய காதுக்கல் இயல்பாக ஆரகோனைட். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். சில நேரம் ஏதோ ஒரு கட்டத்தில் அடுக்குமுறை மாறி வேட்டரைட் படிய ஆரம்பிக்கிறது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும், அடர்த்தி குறைவு, உருவமும் தாறுமாறாகப் போகும். பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் நடக்கும்.

காட்டு மீன்களில் இது குறைவு. வளர்ப்பு மீன்களில் அதிகம். 2016-இல் வந்த ஓர் ஆய்வில், பண்ணையில் வளர்ந்த சால்மன் மீனுக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு காட்டு சால்மனைவிடச் சுமார் 10 மடங்கு என்று தெரிந்தது. அப்படிப்பட்ட கல் உள்ள மீன் தன் செவித்திறனில் 50 சதவீதம் வரை இழக்கலாம். அதே குழுவின் அடுத்த ஆய்வு காரணத்தையும் தேடியது. அதிவேக வளர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பு இருந்தது. சீக்கிரம் எடை ஏற்று என்று ஊட்டி வளர்த்தால், காது அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவசரக் கட்டடம் கட்டுகிறது.

காது கேட்காமல் போவது மீனின் கஷ்டம். நமக்கும் ஒரு கஷ்டம் உண்டு. கல்லின் வேதியியலில் மீனின் பயணம் எழுதப்பட்டிருக்கும். கடல் தண்ணீரில் ஸ்ட்ரான்ஷியம் அதிகம், ஆற்றுத் தண்ணீரில் பொதுவாகக் குறைவு. கல்லின் ஒவ்வொரு படலத்திலும் உள்ள ஸ்ட்ரான்ஷியத்தை அளந்தால், அந்த மீன் எந்த வயதில் கழிமுகத்தில் இருந்தது, எப்போது கடலுக்குப் போனது என்று ஓரளவு சொல்லலாம். வேட்டரைட் பகுதி ஸ்ட்ரான்ஷியத்தை மிகக் குறைவாகவே ஏற்கும். கடலிலேயே கிடந்த மீனை ஆற்று மீன் என்று அது காட்டிவிடும். வளையமும் அங்கே கலங்கிப் போகும். அழிக்காத கணக்குப்பிள்ளை என்று சொன்னேனே, இது அவர் பேனா மக்கர் பண்ணும் பக்கம். ஆனால் பேனா எந்தத் தேதியில் மக்கர் பண்ணியது என்பதும் ஒரு செய்திதான். அந்தப் பக்கம் வரை நாள்களை எண்ணலாம் அல்லவா?

அக்கா சொன்னது

கல் கேட்டு அடிக்கடி போக ஆரம்பித்த பிறகு அக்கா ஒரு நாள் சொன்னார்: "எங்க அம்மா வித்தப்போ எருமை நாக்கு மொறம் சைஸுக்கு வரும் தம்பி. இப்போ பாரு, தட்டு சைஸு வந்தாலே பெரிய விஷயம்."

1890களில் வட கடலில் கேட்ட அதே வாக்கியம்! அதே கேள்வியும் கூடவே வருகிறது. இவை குட்டி மீன்களா, வளராத கிழட்டு மீன்களா? குட்டி என்றால் பெரிசாவதற்குள் பிடித்துவிடுகிறோம். வலைக் கண்ணின் அளவும், ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள் நீளும் தடைக்காலமும் போதுமா என்று பார்க்கணும். கிழம் என்றால் பிரச்சினை வேறு: இரை, கடலடி மண், ஆறு கொண்டுவந்து கொட்டும் கழிவு. மருந்து மாறும். எடைத் தராசு இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். கல் மட்டும்தான் பிரித்துச் சொல்லும்.

அக்காவின் அம்மா விற்ற முறம் அளவு மீனின் காதுக்கல் ஒன்று இன்று என் கையில் இருந்தால்? அது எத்தனை வயது மீன் என்று எண்ணிவிடலாம். பக்கத்தில் இன்றைய தட்டு அளவு மீனின் கல்லை வைத்து ஒப்பிடலாம். ஆனால் அந்தக் கல் எப்போதோ பூனைக்கும் காக்காய்க்கும் போய்விட்டது.

இத்தனைக்கும் இந்த ஊரில் கடலைப் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1905-இல் ஃபிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாண மீன்வளப் பிரிவு ஆரம்பித்தது. 1937-இல் பணிக்கரும் கோபால ஐயரும் சென்னையின் உவர்நீர் உயிரினங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பணிக்கர் பின்னால் கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானார். இன்றைக்கு சாந்தோம் நெடுஞ்சாலையில் நடந்தால், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையமும், உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனமும் ஒரே சாலையில் வரும். பின்னதின் குஞ்சுப் பொரிப்பகம் முட்டுக்காட்டில். அங்கே 1997-இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய வைத்தார்கள்.

உலகம் முழுக்க உள்ள பழைய மீன் சேகரிப்புகளுக்கு ஒரு பொதுவான சிக்கல் உண்டு. 1890களிலிருந்து மீனைப் பதப்படுத்த ஃபார்மலின் வந்தது. மலிவு, சதை கெடாது. ஆனால் ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகும். அமிலத்தில் கால்சியம் கார்பனேட் கரையும். அதாவது ஜாடிக்குள் மீன் அப்படியே இருக்கும், துடுப்பின் முள்ளைக்கூட எண்ணலாம், காதுக்குள் கல் மட்டும் கரைந்து போயிருக்கும். உருவத்தைக் காப்பாற்றப் போட்ட மருந்தே அதன் வாழ்க்கைக் கணக்கை அழித்துவிடுகிறது. அதனால்தான் கல்லைத் தனியாக எடுத்து, கழுவி, உலர்த்தி, சின்னக் காகித உறையில் போட்டு வைக்க வேண்டும் என்று இன்று வற்புறுத்துகிறார்கள். குளிர்பதன அறை வேண்டாம், திரவம் வேண்டாம். ஒரு மீனின் முழு ஜாதகமும் ஒரு தபால்தலை அளவு இடத்தில் அடங்கிவிடும்.

ஃபிரீட்மன் கதையை ஞாபகம் வைக்கச் சொன்னேன். அவருக்குப் பதில் கிடைத்தது, அருங்காட்சியக இழுப்பறையில் ஏற்கெனவே படுத்திருந்த மீனில்தான். அதைச் சேர்த்து வைத்தவருக்கு மைவர்ட்டும் தெரியாது, ஸ்கேனும் தெரியாது. என்ன கேள்வி வரும் என்று தெரியாமலேயே எடுத்து வைத்தார். எடுத்து வைப்பதன் பலனே அதுதான்.

தரங்கம்பாடிக் கரை உலகத்துக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. அந்தப் பெயர் 200 வருஷத்துக்கு மேலாக அழியாமல் இருக்கிறது, யாரோ ஒருவர் கரையில் கேட்டதை எழுதி வைத்ததால். அதே அக்கறை அந்த மீனின் காதுக்கும் கிடைத்திருந்தால், அக்காவின் 'முறம் சைஸ்' இன்று வெறும் ஞாபகமாக இல்லாமல் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு சாட்சியாக இருந்திருக்கும்.

என் வீட்டில் இப்போது ஒரு தீப்பெட்டி நிறைந்து இரண்டாவது பெட்டி ஓடுகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு காகித மடிப்பு: தேதி, மீனின் பெயர், நீளம், கண் எந்தப் பக்கம், எந்தக் கல் கண் பக்கம், எந்தக் கல் அடிப்பக்கம். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் கிடையாது. என்றைக்காவது யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். கண்ணாடிக் கல் தனி உறையில் இருக்கிறது, ராமன் நிறமாலைக்காகக் காத்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா கேட்பதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே நாலு எருமை நாக்குத் தலை. "காலைலேர்ந்து எடுத்து வெச்சிக்கிறேன் தம்பி. ரெண்டுக்குக் கண்ணு இந்தாண்ட, ரெண்டுக்கு அந்தாண்ட. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.